பெரியக்கா பூச்சியும் சின்னக்கா பூச்சியும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம்; ஆனால் யாரும் யாருடனும் பேசுவதில்லை. அருங்காட்சியகத்தில் பட்டாம்பூச்சிப் பிரிவுக்கே நீ அதிகாரி ஆகிவிட்டாய் என்று கேட்டு மகிழ்ந்தோம். தனித்தனியாக மகிழ்ந்தோம்.

நான் பெயின்ட் கடையில் நிறம் கலந்தே தலை நரைத்தவன். வெள்ளையிலேயே பத்து வெள்ளை பிரிக்கத் தெரிந்த கண் இது. ஓய்வு பெற்றதும் அந்தக் கண்ணுக்கு வேலையில்லாமல் போய், ஜன்னலோரத் தொட்டியில் முளைத்த புல்லுக்கு வரும் பட்டாம்பூச்சிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். பழுப்பில் இரண்டு வகை வந்தன. ஒன்றுக்கு இறக்கையில் மை தீட்டிய மாதிரி வட்ட வட்டமாகக் கண்கள். இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை, இறக்கையை மூடினால் காய்ந்த இலைதான். எங்கள் கடையில் நிறம் வேறென்றால் டப்பா வேறு, டப்பா வேறென்றால் பெயர் வேறு. ஆகவே இரண்டும் இரண்டு புது இனம் என்று முடிவு கட்டிவிட்டேன். "அத்தான், சாயலை மட்டும் வெச்சு இனம் பிரிக்காதீங்க, முட்டையிலேர்ந்து வளர்த்துப் பாருங்க" என்று நீ போனில் தலைபாடாய் அடித்துக்கொண்டாய். நான் கேட்டேனா?

கண் உள்ளதற்கு என் மனைவி, அதாவது உன் சின்னக்கா பெயரை வைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னைப் பெருமையாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். மாடியில் குடியிருக்கும் உன் பெரியக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாரே என்று மிச்சமிருந்த பூச்சிக்கு அவர் பெயரை வைத்தேன். "அவளுக்குக் கண்ணு, எனக்குச் சருகா? மூத்தவள்னா காய்ஞ்சு போயிட்டேன்னு அர்த்தமா?" என்று பிடித்துக்கொண்டார். சமாதானத்துக்காக, "நீங்கதான் இனம், அவ உங்களுக்குக் கீழே ஒரு துணையினம், அவ்வளவுதான்" என்று சொல்லி வைத்தேன். அந்தச் சேதி என்னை முந்திக்கொண்டு படியிறங்கிவிட்டது. "சின்ன வயசுலேர்ந்து அவ போட்டுக் கழிச்சதைத்தான் போட்டுக்கிட்டேன். இப்ப அவளுக்குக் கீழே உட்பிரிவு வேறயா?" என்று என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். வைத்தவள் இன்னும் எடுக்கவில்லை. சாயங்கால டீயை ஒருநாளும் தனியாகக் குடித்தறியாத அக்கா தங்கை, என்னால் மேலே ஒருத்தியும் கீழே ஒருத்தியுமாக உர்ரென்று உட்கார்ந்திருக்கிறார்கள். நெஞ்சை அடைக்கிறதப்பா. வயிற்றையும்தான் கிள்ளுகிறது.

ஆகையால் அலுவலக முத்திரை குத்தி ஒரு கடிதம் அனுப்பு: இரண்டும் தனித்தனி இனம், இரண்டும் சமம், இரண்டும் அழகு. அறிவியல் அவ்வளவு தாங்காதென்றால் அந்த அழகையாவது எழுது. நீ சொன்னபடி வளர்க்கவும் செய்கிறேன். பெரியக்கா பூச்சி இட்ட முட்டைகளை ஜாடியில் போட்டு, புழுவுக்குப் புல் கொடுத்தேன்; இப்போது அவை கூடாகத் தொங்குகின்றன. வெளியே மழை பிடித்துக்கொண்டது. சருகுக்குச் சருகே பிறந்துவிட்டால் என் கட்சி ஜெயித்தது.

உன் குழந்தைகள் உன்னைப் போலப் படித்து, என்னைப் போலப் பேசாமல், நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பட்டினியோடு, அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், கூடுகள் திறந்துகொண்டன. பெரியக்கா பூச்சியின் பிள்ளைகள் அத்தனையும் சின்னக்கா கண்ணோடு வெளியே வந்து நிற்கின்றன! வெயில் காலத்தில் சருகு, மழைக் காலத்தில் கண். ஒரே பூச்சி சட்டையை மாற்றியிருக்கிறது. நான் போட்ட கூச்சலில் இரண்டு பேரும் ஓடிவந்து ஜாடிமேல் குனிந்தார்கள்.

"ஏண்டி, எனக்குப் பொறந்தது எல்லாம் உன் சாடையா இருக்கே!"

"நம்ம சாடைதான் அக்கா அது."

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நாமெல்லாம் ஒண்ணுதான். இந்த மனுஷன்தான் வேற இனம்" என்றாள் உன் சின்னக்கா. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தாளிக்கிற வாசனையும் சிரிப்பும் கீழே வரை வருகின்றன. கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. முத்திரைக் கடிதம் வேண்டாம். சாப்பிட என்னை யாரும் கூப்பிடாததால், இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். உன் வீட்டில் எந்தப் பூச்சிக்கும் பெயர் வைக்க மாட்டேன் என்று உன் மனைவியிடம் சொல்லி, ஒரு தட்டு கூடுதலாக வைக்கச் சொல்.