காரம் இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது

இறைவன் படைத்த அளவுக்கருவிகளிலேயே தலைசிறந்தது மனித நாக்கு. வெர்னியர், மைக்ரோமீட்டர் எல்லாம் அதற்குப் பிறகுதான். இரும்புக் கருவிகளிடம் ஒரு பெருங்குறை உண்டு: முதலாளி பக்கத்தில் வந்து நின்றாலும் அவை பழைய அளவையே காட்டிக்கொண்டிருக்கும். நாக்கு அப்படிப்பட்ட முட்டாள் அல்ல. இந்த உண்மையை ஐயம் திரிபற நிரூபித்தவர் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பணிபுரியும் திருவாளர் சம்பத். நிரூபித்த இடம், கிழக்குத் தாம்பரத்தில் ஆறு மேசைகள் கொண்ட ஒரு தாய்லாந்து உணவகம்.

சம்பத் வேலை பார்த்த 'கொடி பிரேக்ஸ்' நிறுவனம் ஸ்கூட்டர் சக்கரத்துக்குள் இருந்து வண்டியை நிறுத்துகிற பிரேக் ஷூக்களைச் செய்கிறது. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அவர் துணை மேலாளர். பதினோரு வருடமாகத் துணை. கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்காரும் நேரமாகப் பார்த்து அவருடைய மச்சான், "இன்னும் துணைதானா மாமா?" என்று விசாரிப்பான். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சம்பத்துக்கு அப்பளம் தொண்டையில் நிற்கும்.

இப்போது மேலாளர் நாற்காலி காலியாகிவிட்டது. பழைய மேலாளர் 'சொந்தக் காரணங்களுக்காக' விலகியிருந்தார். சொந்தக் காரணம் இதுதான்: நாலாயிரம் ஷூக்கள் கொண்ட ஒரு லாட்டில் பசை சரியாக ஒட்டவில்லை. கொஞ்சம் சூடேறினால், ஈரத்துணியிலிருந்து இட்லி கழல்வது போல உராய்வுப் பட்டையான லைனிங் கழன்றது. அவர் கையெழுத்துப் போட மறுத்தார். அவர் போன பிறகும் அந்த லாட், 'அனுப்பக் கூடாது' என்ற சிவப்பு அட்டையோடு ஷெட்டிலேயே கிடந்தது. அட்டையைக் கட்டியவள் ஆய்வாளர் மெஹ்னாஸ். ஆறு வருட அனுபவம். காலியான நாற்காலிக்குச் சம்பத்தோடு போட்டியில் இருந்தவளும் அவளேதான்.

முதலாளி ஜெயக்கொடி ஒரு காலத்தில் நெல் போட்ட நிலத்தில்தான் ஷெட் போட்டிருக்கிறார். அண்மையில் உதிரிபாகக் கண்காட்சிக்காக நான்கு நாள் பாங்காக் போய்வந்தார். அதில் மூன்று நாள் அங்கிருந்த தமிழ் ஓட்டலில் இட்லி சாப்பிட்டதால், தாய்லாந்து உணவில் கரைகண்டவராகத் திரும்பினார். கூடவே ஒரு மேலாண்மைத் தத்துவத்தையும் கொண்டுவந்தார். ஆளை அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பது பழைய முறையாம். சாப்பிடவைத்துப் பார்ப்பதுதான் இப்போது உலக நடைமுறையாம். ஆகவே நேர்காணல், வியாழக்கிழமை மதியம், ஹனீஃபா பாயின் கடையில் என்று சுற்றறிக்கை வந்தது.

ஹனீஃபா பாய் தாய்லாந்தின் புக்கெட்டில் ஒன்பது வருடம் சமையல்காரராக இருந்தவர். அவர் கடை மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் காரத்தை ஒன்று முதல் ஐந்து மிளகாய் வரை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம். ஐந்து கேட்பவர்கள் மட்டும் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும். 'விளைவுகளுக்குக் கடை பொறுப்பல்ல' என்று அதில் இருக்கும்.

நால்வர் உட்கார்ந்தார்கள். நாலாவது ஆள் மனிதவளப் பிரிவின் குமரேசன். நடப்பதைக் குறிப்பெடுக்க வந்தவர். மெனு ஆறு பக்கம். மெஹ்னாஸ் ஆறையும் படித்தாள். சம்பத்தும் குமரேசனும் முதலாளியின் முகத்தைப் படித்தார்கள். முதலாளிக்கு முன்னால் வாய் திறந்து 'எனக்கு இது' என்று சொல்லிய எவனும் கொடி பிரேக்ஸில் உருப்பட்டதில்லை. பாய் என்ன வேண்டும் என்று கேட்டார். சம்பத் யோசித்துவிட்டு, சார் என்ன சொல்கிறாரோ அதுதான் தனக்கும் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும் என்றார்.

"செவப்புக் கறி, நாலு. மல்லிப்பூ சோறு, நாலு" என்றார் ஜெயக்கொடி.

குமரேசன் தயங்கித் தயங்கி, புரட்டாசி மாதம், தனக்குக் காய்கறி மட்டும் என்றார். காய்கறிக் குழம்பிலும் மீன் சாஸ் ஊற்றுவது வழக்கம், வேண்டாமென்றால் சோயா சாஸ் ஊற்றுகிறேன் என்றார் பாய். குமரேசன் முகம் வெளிறிப்போய் முதலாளியைப் பார்த்தார். முதலாளி இதற்கும் தீர்ப்பு வைத்திருந்தார்.

"சாஸ் தான்பா. உள்ள மீன் இன்னா நீந்திகினா கீது?"

நீந்தவில்லை என்று குமரேசன் ஒப்புக்கொண்டார். பாய் தன் சீட்டில் 'சோயா' என்று எழுதிக்கொண்டார். அந்த மேசையில் அன்றைக்கு எழுதப்பட்ட யோக்கியமான குறிப்பு அது ஒன்றுதான்.

அடுத்தது காரம். ஜெயக்கொடி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"அஞ்சு வேணாம் சார்" என்றார் பாய். "நம்ம ஆளுங்களுக்கு ரெண்டே ஜாஸ்தி. ஊசிமிளகாய் போட்டு இடிக்கிறது. அஞ்சு நானே சாப்பிட மாட்டேன்."

"பாய், பச்சமொளகாய கடிச்சிகினு கூழு குடிச்ச வம்சம் நாங்க. நாலு பேருக்கும் அஞ்சு போடு."

மெஹ்னாஸ் தனக்கு இரண்டு போதும் என்றாள். ஒரே குழு என்றால் ஒரே லெவல்தான் இருக்க வேண்டும் என்று முதலாளி புன்னகையோடு விளக்கினார். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"சரி சார், வரட்டும். சாப்பிட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

தாள்கள் வந்தன. மூவரும் கையெழுத்திட்டார்கள். முதலாளி மட்டும் கை கழுவ எழுந்து போனார். விசுவாசமுள்ள ஊழியர் என்பதால் சம்பத்தும் இரண்டடி விட்டுப் பின்னாலேயே போனார். சமையலறைத் திரைக்கு அந்தப் பக்கம் முதலாளியின் குரல் தாழ்ந்து கேட்டது.

"பாய், எனக்கு மட்டும் காரம் இல்லாம. வயித்துல புண்ணு கீது. பாக்க அதே கலர்ல இருக்கட்டும்."

சம்பத் கையைக் கழுவினார். காதையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

நாலு கிண்ணம் வந்தது. நாலும் ஒரே சிவப்பு. முதலாளி ஒரு கரண்டி வாயில் விட்டு, கண்ணை மூடி, திறந்தார்.

"இன்னாபா இது, காரமே இல்லியே."

இதில் துளியும் பொய் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கொடி பிரேக்ஸ் முதலாளி பொய் சொல்ல மாட்டார். அதற்குத் தனியாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்.

சம்பத் ஒரு கரண்டி சாப்பிட்டார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காது அடைத்தது. உச்சந்தலை வேர்த்தது. மூக்கு தன்னிச்சையாக ஒழுகத் தொடங்கியது. கண்ணில் நீர் வழிந்தது. எதிரே தண்ணீர் நிறைந்த தம்ளர் இருந்தது. முதலாளி இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. ஆகவே சம்பத்தும் தொடவில்லை.

"எப்டி கீது சம்பத்?"

பந்தியில் மச்சான் கேட்கும் கேள்வி சம்பத்தின் மனதில் ஓடியது.

"லேசா இனிப்பா இருக்கு சார்."

"கண்ணுல ஏன் தண்ணி?"

"உங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிடுறேன் இல்ல சார்."

குமரேசனுக்குக் குரல் போய்விட்டிருந்தது. கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பிறகு குறிப்பேட்டில், 'காரம் இல்லை. ஒருமனதாக' என்று எழுதத் தொடங்கினார்.

மெஹ்னாஸ் ஒரு கரண்டி சாப்பிட்டாள். கரண்டியை வைத்தாள். ஒரு தம்ளர் தண்ணீர் முழுக்கக் குடித்தாள். எல்லார் முன்னாலும், ஒரு கூச்சமும் இல்லாமல் குடித்தாள்.

"ரொம்பக் காரம் சார். இதை யாரும் சாப்பிட முடியாது."

"எனக்குத் தெரிலியேமா?"

"அப்ப ரெண்டும் வேற வேறயா இருக்கும் சார். உங்க கிண்ணத்துல ஒரு ஸ்பூன் குடுங்க. ஒப்பிட்டுப் பார்த்துட்டுச் சொல்லிடறேன்."

அவள் தொழிற்சாலையில் பேசுகிற மாதிரியேதான் பேசினாள். ஒரு ஷூவைச் சந்தேகப்பட்டால் நல்ல ஷூ ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். ஜெயக்கொடியின் முகம் மாறியது. தன் கிண்ணத்தைக் கையால் மறைத்தார். மறைத்தபடியே அதைச் சம்பத்தின் பக்கம் நகர்த்தினார்.

"நீ பாத்து சொல்லுபா. சீனியர் நீதானே."

சம்பத் ஒரு கரண்டி எடுத்தார். தேங்காய்ப்பாலும் வெல்லமும் துளசி வாசனையுமாக, வெந்துபோன நாக்கில் அது இறங்கியபோது அவருக்கு அழுகையே வந்தது. இன்னொரு கரண்டிக்குக் கை தானாகப் போனது. அடக்கிக்கொண்டார். மெஹ்னாஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்லப்போகிறோம் என்பது தெரிந்தது. அது எந்த நாலாயிரத்தில் போய் முடியும் என்பதும் தெரிந்தது. பதினோரு வருடமும் தெரிந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார்.

பாய் கருத்து அட்டையைக் கொண்டுவந்து வைத்தார். குழுவின் சார்பாகச் சம்பத்தே எழுதட்டும் என்று முதலாளி பணித்தார். 'காரம்: இல்லை. குறைபாடு: இல்லை' என்று எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டார். பாய் அட்டையைப் படித்தார். சம்பத்தின் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கரண்டிச் சர்க்கரை கொண்டுவந்து அவர் தட்டோரம் வைத்துவிட்டுப் போனார்.

நியமனம் அங்கேயே அறிவிக்கப்பட்டது. தரக்கட்டுப்பாட்டு மேலாளர், சம்பத். மெஹ்னாஸுக்கும் முதலாளி அநீதி செய்யவில்லை. கேன்டீன் பொறுப்பை அவளிடம் ஒப்படைத்தார்.

"சோத்துல குறை கண்டுபுடிக்கத் தெம்பான ஆளு வேணும்மா" என்றார். பிறகு சம்பத்தின் தோளில் தட்டினார். "அப்டியே நாளைக்கிக் காலைல ஷெட்ல அந்தச் செவப்பு அட்டை லாட்டையும் பாத்து அனுப்பிடு. பேஜாரா கீது."

வெளியே வந்ததும் மெஹ்னாஸ் வாழ்த்துச் சொன்னாள். அதில் குத்தல் இருந்திருந்தால் சம்பத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். இல்லை.

"சம்பத் சார், நாளைக்கு அதுல ஒரே ஒரு ஷூவை மட்டும் சூடு பண்ணிப் பாருங்க."

பார்க்கிறேன் என்றார். மறுநாள் காலை ஒன்பது பத்துக்குச் சிவப்பு அட்டை அவிழ்ந்தது. ஒன்பது பதினைந்துக்கு லாரி கிளம்பியது. இடைப்பட்ட ஐந்து நிமிடத்தில் நாலாயிரம் ஷூக்களும் ஆய்வு செய்யப்பட்டு, குறையற்றவை எனச் சான்றளிக்கப்பட்டன. நிறுவன வரலாற்றிலேயே அது ஒரு சாதனை. அன்று மாலை மச்சானுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னபோது சம்பத்தின் நாக்கு இன்னும் தடித்தேதான் இருந்தது.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, புதிய மேலாளர் தம் மனைவி வினிதாவின் ஸ்கூட்டரைத் தாமே தள்ளிக்கொண்டு கேம்ப் ரோடு மெக்கானிக் சூர்யாவிடம் போனார். வினிதா அதில்தான் தினமும் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறாள். சூர்யா பின்சக்கரத்தைக் கழற்றினான். ஷூ தேய்ந்திருந்தது.

"உங்க கம்பெனி புது லாட்டு வந்துகீது சார். பொட்டிகூட பிரிக்கல. போட்ரவா?"

சம்பத் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"அது வேணாம்பா. வேற கம்பெனி போடு."

சூர்யா வேறு கம்பெனி ஷூவைப் போட்டான். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக்கைப் பிடித்தான். சக்கரம் நின்றது. சம்பத் நிம்மதியாக மூச்சுவிட்டார். சூர்யா கையைத் துடைத்துக்கொண்டே, பிரிக்காத பெட்டியைக் காலால் காட்டினான்.

"அப்போ இத இன்னா சார் பண்றது? கஸ்டமருக்குப் போடலாமா, ரிட்டன் வுட்றவா?"

சம்பத் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். நாக்கு முழுதாகக் குணமாகியிருந்தது.

"தாராளமா போடு. நானே பார்த்துக் கையெழுத்துப் போட்ட சரக்குப்பா."