ஊதாக் குடைக்குப் பின்னால்

வெள்ளைக் குடையா, பச்சைக் குடையா, ஊதாக் குடையா என்று முடிவு செய்ய முடியாமல் அன்செல்மோ சொகொதோவேர் சதுக்கத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

மழை இல்லை. குடை பிடித்திருந்தவர்கள் வழிகாட்டிகள். தொலேதோ நகரத்தை நடந்தே சுற்றிப் பார்க்க வந்தவர்கள், பிடித்த குடையின் முன்னால் போய்க் கூடிக்கொண்டிருந்தார்கள்.

அன்செல்மோவின் சங்கடம் வேறு. அவர் பிறந்து வளர்ந்ததே தொலேதோவில்தான். மலையடிவாரத்தில் பேருந்தை விட்டு இறங்குகிறவர்களை ஊருக்குள் ஏற்றிவிடும் நகரும் படிக்கட்டைப் பழுது பார்ப்பது அவர் வேலை. பாதி உலகத்தை மேலே அனுப்பியிருக்கிறார். மேலே போய் அவர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யாராவது வழி கேட்டால் "மேலே" என்பார். அது இதுவரை தப்பாகப் போனதில்லை.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்த தொலைபேசியால் வந்த வினை. மகள் இரேனேவைப் போட்டி ஊரான தலவேராவில் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. தொலேதோக்காரர்கள் தலவேராவில் பெண் கொடுப்பதே பெரிய விஷயம். கல்யாணத்தையும் அங்கேயே போய் நடத்துவதென்றால் தெருவில் தலைகாட்ட முடியாது. இரேனேவுக்கோ சிறுவயது முதல் ஒரே ஆசை, தெருமுனையில் இருக்கும் சின்னக் கோவிலில்தான் தன் கல்யாணம் என்று. மாப்பிள்ளையின் அப்பா எவரிஸ்தோ தலவேராதான் என்று நின்றார். அவர் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர்.

"சம்பந்தி, சனிக்கிழமை வர்றோம். நாம நேர்ல பாத்துக்கிட்டதே இல்லையே. ஒரு கைடைப் பிடிச்சு வைங்க. ஊரைச் சுத்திக்கிட்டே கல்யாணத்தை எங்க வெக்கலாம்னு பேசுவோம்."

அன்செல்மோ அதிகம் பேசாதவர். பேசாதவர்கள் எப்போதாவது வாயைத் திறந்தால் இப்படித்தான் ஆகும்.

"கைடா? என் ஊருக்கு எனக்கு எதுக்குங்க கைடு? இங்க ஒவ்வொரு கல்லும் எனக்கு அத்துப்படி."

மறுமுனையில் இருமல் கேட்டது.

"அப்படியா..." என்றார் எவரிஸ்தோ. "ரொம்ப நல்லது. நானும் வருஷா வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைங்களை அங்க கூட்டிட்டு வந்தவன்தான். நமக்குப் பேச நிறைய இருக்கும்."

தொலைபேசியை வைத்ததும் இரேனே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அப்பா, உனக்கு எந்தக் கல்லைத் தெரியும்?"

"நம்ம வாசக்கல்லு."

"அவரு சரித்திர வாத்தியார்ப்பா! நீ ஒரு ராஜா பேரை மாத்திச் சொன்னாலும் போதும், 'இவருக்கே தெரியாத ஊர்ல என்ன கல்யாணம்'னு தலவேராவுக்கு இழுத்துட்டுப் போயிடுவாரு."

அதனால்தான் இந்த வெள்ளிக்கிழமை. மனைவி லெயோகாதியாவிடம் பல் வைத்தியரிடம் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். "அப்ப வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா" என்று அவளும் அனுப்பிவிட்டாள்.

வெள்ளைக் குடையின் கீழ் கூட்டம் அதிகம், ஆனால் அதைப் பிடித்திருந்தவன் தினமும் படிக்கட்டில் வந்து வணக்கம் சொல்கிறவன். பச்சைக் குடை பாதாம் மிட்டாய்க் கடை கடையாக ஏறி இறங்கும். சரித்திரம் வராது, வயிற்றுவலி வரும். மிச்சம் ஊதா. அதைப் பிடித்திருந்தவள் ரோசியோ என்ற பெண். வார்த்தைகளின் வாலைக் கடித்து விழுங்கும் தென்கோடிப் பேச்சு. இந்த ஊருக்குப் புதிது. தன்னைத் தெரிய வழியில்லை.

கறுப்புக் கண்ணாடியை மாட்டி, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் போய் நின்றார்.

"வாங்க, வாங்க! ஐயாவுக்கு எந்த ஊரு?"

தூரமாக ஒரு ஊர் வேண்டும். "பில்பாவோ."

"ஐயோ, நம்ம ஊரா!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பருத்த அம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "எந்தப் பக்கம்?"

"மேலே," என்றார் அன்செல்மோ, பழக்கதோஷத்தில்.

"மேலேன்னா? மலைக்கோவில் பக்கமா?"

"அதுக்கும் மேலே."

"அதுக்கு மேல வீடே கிடையாதே!"

"அதான் அமைதியா இருக்கும்."

அம்மாள் அவர் கையைக் கோத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு விடவில்லை. ரோசியோ வாசல்களையும் ராஜாக்களையும் பற்றிச் சொல்லச் சொல்ல, இடது காதில் பில்பாவோவில் மீன் என்ன விலை விற்கிறது என்பது விழுந்துகொண்டிருந்தது. அல்போன்சோ ஆறாவதா, பத்தாவதா? இரண்டு பேரும் ஒரு கூடை மீனோடு சேர்ந்து மூளைக்குள் இறங்கினார்கள்.

பேராலயத்தின் முன்னால் ரோசியோ நின்றாள்.

"இங்க ஒரு பெரிய மணி இருக்கு. முதல் தடவை அடிச்சப்ப ஊர்க் கண்ணாடியெல்லாம் நொறுங்கிப் போச்சுன்னு சொல்வாங்க. இப்ப மணியிலயே விரிசல். ஆனாலும் வேலையை விடல, எங்கப்பா மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். அன்செல்மோவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. தினமும் அந்த மணியைக் கேட்டுக்கொண்டே சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். அதற்கு ஒரு கதை இருக்கும் என்று தோன்றியதே இல்லை. சற்று நேரம் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கூடவே வாழ்கிறவர்களை நாம் எதுவும் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நினைப்பில், குடை எந்தத் தெருவுக்குள் திரும்பியது என்பதைக் கவனிக்கவில்லை. திரும்பியது அவருடைய தெருவுக்குள்.

"அன்செல்மோ! பல் எப்படி இருக்கு?" என்றார் மருந்துக்கடைக்காரர், வாசலிலிருந்தே.

"உங்களையா கூப்பிடறாரு?" என்றாள் பில்பாவோ அம்மாள்.

"இந்த ஊர்ல எல்லாரையும் அன்செல்மோன்னுதான் கூப்பிடுவாங்க போலிருக்கு."

"ரொம்ப மரியாதையான ஊரு!"

குடை சரியாக அவர் வீட்டு மாடத்துக்குக் கீழே நின்றது. அங்கே நிழல் நன்றாக இருக்கும், அவருக்கே தெரியும். மேலே லெயோகாதியா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் கீழே பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். கையைக் கோத்திருந்த அம்மாளைப் பார்த்தாள். பூவாளியிலிருந்து தண்ணீர் நின்றது.

"எந்த ஊரு, ஐயா?" என்றாள் லெயோகாதியா, இனிமையாக. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை ஐயா என்றதில்லை.

"பில்பாவோ," என்றார், நடைபாதையிடம்.

"அம்மாடி, அவ்வளவு தூரத்துலேர்ந்தா! பக்கத்துல உங்க சம்சாரமா?"

"இல்லை, இல்லை! இவங்க... ஊர்க்காரங்க."

"அப்ப சம்சாரம்?"

"வீட்டுல இருக்கா."

"எப்படிப்பட்டவ?"

அன்செல்மோ முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "தங்கம்."

"தங்கம் பசியா இருக்கும். போகும்போது ரொட்டி வாங்கிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி தண்ணீர் ஊற்றினாள். கொஞ்சம் அவர் தொப்பியிலும் விழுந்தது.

"பாத்தீங்களா," என்றாள் ரோசியோ பெருமையோடு, "தொலேதோ ஜனங்க எவ்வளவு பாசமானவங்க!"

மாலையில் எல்லாவற்றையும் சொன்னபோது லெயோகாதியா சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ரொட்டியை நறுக்கியபடி, "அந்த ஊதாக் குடை நாளைக்கும் வருமே, உன்னைப் பாத்து 'பில்பாவோ ஐயா'ன்னு கூப்பிட்டா?" என்றாள். அன்செல்மோ கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

சனிக்கிழமை எவரிஸ்தோ தம்பதி வந்து இறங்கினார்கள். சம்பந்தி அம்மாள் முட்டுவலி என்று இரேனேவோடு ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டார். எவரிஸ்தோ நெட்டையான மனிதர். அகன்ற வைக்கோல் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. வானம் மூடிக்கிடந்தது.

"கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது," என்றார் எவரிஸ்தோ.

அன்செல்மோ ஆரம்பித்தார். "இந்த வாசலைக் கட்டினது அல்போன்சோ... ஆறாவதோ, பத்தாவதோ..."

கூட வந்த லெயோகாதியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நடுவுல யாரோ," என்றார் எவரிஸ்தோ பெருந்தன்மையாக. "ராஜாக்கள் எங்க போயிடப் போறாங்க? மேல சொல்லுங்க."

என்ன குணம்! இவருக்கா பயந்தோம் என்று அன்செல்மோவுக்கு வெட்கமாக இருந்தது.

தெருக்கோடியில் ஊதாவாக ஏதோ தெரிந்தது. அன்செல்மோ சட்டென்று பக்கத்துச் சந்துக்குள் திரும்பினார். எவரிஸ்தோ அதற்கு முன்பே திரும்பியிருந்தார்.

"குறுக்கு வழிதான் அழகு," என்றார் எவரிஸ்தோ, மூச்சு வாங்க.

அடுத்த முனையிலும் குடை. மறுபடி சந்து. அதற்கடுத்து ஒரு பாட்டி மழைக்குப் பயந்து பிடித்திருந்த சாதாரணக் குடைக்கே இருவரும் ஓடி ஒளிந்தார்கள். ஒரு பாழுஞ்சுவரின் முன்னால் வந்து நின்றார்கள்.

"இந்தச் சுவரை இப்பத்தான் பாத்தோம்," என்றாள் லெயோகாதியா. "அதுக்கு முன்னாடியும் பாத்தோம்."

"முக்கியமான சுவர்," என்றார் அன்செல்மோ.

"ரொம்ப," என்றார் எவரிஸ்தோ, குனிந்து செங்கல்லைத் தடவியபடி.

ஒருவழியாகப் பேராலயத்துக்கு வந்தார்கள். மதிய மணி அடித்தது. அன்செல்மோவுக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் பிழையில்லாமல் நினைவிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த மணியில விரிசல் விழுந்திருக்கு. ஆனாலும் வேலையை விடல..."

எவரிஸ்தோ அதற்குள் சிரித்துவிட்டார். படித்தவர்களுக்குச் சொல்லி முடிப்பதற்கு முன்பே புரிந்துவிடுகிறது என்று அன்செல்மோ வியந்தார்.

மணி ஓயும்வரை இருவரும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு எவரிஸ்தோ அவர் தோளில் கையைப் போட்டார்.

"சம்பந்தி, நான் பிடிவாதக்காரன். ஆனா ஒண்ணு சொல்றேன். சொந்த ஊரை இப்படி நேசிக்கற மனுஷனை நான் பாத்ததில்ல. கல்யாணம் உங்க தெருமுனைக் கோவில்லயே நடக்கட்டும்."

அன்செல்மோவுக்குக் கண் கலங்கியது. லெயோகாதியா கைக்குட்டையைத் தேடினாள். அப்போதுதான் மூலையிலிருந்து ஊதாக் குடை வெளிப்பட்டது.

அன்செல்மோ இடதுபக்கச் சந்தைப் பார்த்தார். ரொட்டிக்கடை வண்டி ஒன்று சுவருக்குச் சுவர் அடைத்துக்கொண்டு நின்றது. வலதுபக்கம் பேராலயக் கதவு. மூடியிருந்தது. குடை நேராக வந்துகொண்டிருந்தது. ரோசியோ முகம் மலரக் கையை உயர்த்தி ஆட்டினாள்.

போச்சு. கோவில் போச்சு, மகளின் ஆசை போச்சு. அன்செல்மோ லெயோகாதியாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு, 'பில்பாவோ' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தார். தோளிலிருந்த சம்பந்தியின் கையும் ஏனோ அவரோடு சேர்ந்தே பின்னால் நகர்ந்தது.

"அட, மூர்சியா ஐயா!" என்றாள் ரோசியோ, வைக்கோல் தொப்பியைப் பார்த்து. "வியாழக்கிழமை என்கூட டூர் வந்தப்ப, சனிக்கிழமை சம்பந்தி முன்னாடி பரீட்சைன்னு நடுங்கிட்டு இருந்தீங்களே, பாஸ் பண்ணிட்டீங்களா?"