குன்னூரில் பிசகிய கால்

இந்தத் தடவை குன்னூரில் தூங்கியே தீருவது என்று சுந்தரராஜுலு முடிவு கட்டிவிட்டார். பஞ்சாலையில் ஸ்பின்னிங் மாஸ்டர் அவர். இருபது வருஷமாக மில் சங்குக்கு எழுந்து எழுந்து உடம்பு அலுத்துப் போயிருந்தது. கிடைத்ததோ நாலே நாள் லீவு.

மனைவி பங்காரம்மா மேட்டுப்பாளையத்திலேயே பட்டியல் போட்டுவிட்டாள். சிம்ஸ் பூங்கா, லாஸ் அருவி, லாம்ஸ் ராக், டால்பின் நோஸ். எல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். துடியலூரில் இருக்கும் தன் அக்கா கனகத்தின் குடும்பத்தையும் கூட்டிப் போகலாம் என்று அவள் கேட்டபோது மட்டும் கண்டிப்பாக மறுத்திருந்தார். பதினொரு பேர், ஒருவருக்கும் வாய் ஓயாது.

குன்னூர் ஸ்டேஷனில் இறங்கும்போதே அவர் வேலையைக் காட்டினார்.

"காலு பெசகிப்போச்சு பங்காரு. இனி ஒரு அடி எடுத்து வெக்க முடியாது."

அவள் குனிந்து காலை அழுத்திப் பார்த்தாள். அவர் முறைப்படி முனகினார்.

"அப்படீங்களா? ரூமுல படுத்துக்கங்க. காலுதானுங்க முக்கியம். மலை எங்கீங்க ஓடிப்போகுது?"

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், ஆனால் அவருக்குத் தூக்கம்தான் வந்தது. அறைக்கு வந்து படுத்ததும், தபாலாபீஸ் வரை போய் வருகிறேன் என்று அவள் சொன்னது அரைகுறையாகக் காதில் விழுந்தது. புரண்டு படுத்தார்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். கனகம், அவள் புருஷன் வேங்கடசாமி, மாமியார், பிள்ளைகள். கையில் ஆரஞ்சும் ரொட்டியுமாகப் பதினொரு பேர்.

"ஏனுங் சகலை, அடி பலமுங்களா?" என்றார் வேங்கடசாமி. "தந்தி வந்ததும் பொறப்பட்டுட்டோம். உங்களுக்கு ஒண்ணுன்னா வந்து பாக்காம இருந்தா நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாங்க?"

ஒவ்வொருவராகக் காலைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முனக வேண்டியிருந்தது. கட்டிலில் பாதியைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அவர் பங்காரம்மாவைக் கிட்டே கூப்பிட்டார்.

"இவங்கெல்லாம் எப்பப் போவாங்க?"

"காலு சரியானதைக் கண்ணால பாத்துட்டுத்தான் போவாங்களாமுங்க. அக்கா ஒரு வாரத்துக்கு அரிசி கொண்டாந்திருக்குதுங்க."

சுந்தரராஜுலு துள்ளி எழுந்தார். "சரியாப்போச்சு. எல்லாரும் பாருங்க." அறைக்குள் இரண்டு சுற்று நடந்தும் காட்டினார். கூட்டத்துக்கு ஒரே சந்தோஷம்.

பங்காரம்மா குரலைத் தாழ்த்தினாள். "பெசகுன காலு வீங்குமில்லீங்களா? உங்க காலு வீங்கவேயில்லை. அதனாலதான் தைரியமாத் தந்தி குடுத்தேனுங்க."

அவருக்கு அழுகை வரும்போலிருந்தது. "சரி, அதான் பாத்துட்டாங்களே. போகச் சொல்லு."

"டால்பின் நோஸ் ஏழு மைலாமுங்க. காலு நல்லாருச்சான்னு பாக்கறதுக்கு உங்களையே முன்னால நடக்கச் சொல்றாங்க."