எங்க தெருவுல பூத்த ஆகாச கருடன்

போன தை மாசம் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஆர்க்கிட் செடியில காஞ்சதை வெட்டணும்.

செடி என்னோடது இல்ல. என் வீட்டுக்காரி ரேகாவோடது. தென்னை மட்டையில கட்டி, எங்க கவரைப்பேட்டை வீட்டு வாசல்ல தொங்க விட்டிருந்தா. மண்ணு கிடையாது. வாங்கின நாள்ல இருந்து ஒரு பூ கூட வந்தது கிடையாது. இந்த வருஷமாவது பூக்கும்னு தினமும் காலையில எட்டி எட்டிப் பாத்துக்கினு இருந்தா.

கடம்பத்தூருக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது சொல்லிட்டுத்தான் போனா. பனி முடியுது, பழுத்த இலையையும் காஞ்ச வேரையும் மட்டும் எடுங்க, வேற எதையும் தொடாதீங்கன்னு. நானும் தலையாட்டினேன். ஃபேக்டரியில மெஷினையே கழட்டி மாட்டுறவன், செடி எம்மாத்திரம்!

ஞாயித்துக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறினேன். பாத்தா, பாதித் தண்டுல இலையே இல்ல. குச்சி குச்சியா வெளுத்துப் போய்த் தொங்குது. அடப்பாவமே, செத்துடுச்சு! ரேகா வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணி நல்ல பேர் வாங்கிடலாம்னு அந்தக் குச்சி மொத்தத்தையும் வெட்டிக் கீழ போட்டேன்.

அப்பதான் எதிர் வீட்டு தேவகி அக்கா வந்தாங்க.

"இன்னாப்பா, மண்ணே இல்லாம வளருது? திருஷ்டிக்கு வாசல்ல கட்டுவாங்களே, ஆகாச கருடன், அதானே இது?"

ஆர்க்கிட்னா என்னன்னு விளக்க சோம்பேறித்தனம். கூடவே கொஞ்சம் கொழுப்பு.

"ஆமாக்கா. இது மலையில வளர்ற ஜாதி. பவர் ஜாஸ்தி."

அக்கா கீழ கிடந்த ஒரு தண்டை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கினாங்க. கொஞ்ச நேரத்துல தெருவே வந்துடுச்சு. எங்களுக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதுப்பான்னு சொல்லிக்கினே பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா பின்வாசலுக்கு ஒண்ணு எடுத்துக்கினு போனாங்க. குப்பை கொட்டப் போற வேலை மிச்சம்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

சாயந்திரம் பெருமையா போட்டோ அனுப்பினேன். உடனே போன் வந்துச்சு. ரேகா கத்தல. அப்பவே தெரிஞ்சுபோச்சு, ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு.

"இலை உதிர்ந்த தண்டுலதாங்க பூவே வரும். அதெல்லாம் எங்க?"

தெருவைப் பாத்தேன். வாசலுக்கு வாசல் மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, எலுமிச்சம்பழத்தோட சேர்த்துத் தொங்குது.

திரும்பக் கேக்கப் போனேன். தேவகி அக்கா, வாசல்ல கட்டினதை அவுக்கக் கூடாதுன்னுட்டாங்க. கட்டின மதியமே அவங்க பையனை ஒரு கம்பெனியில வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்களாம். அக்கா, அது வெறும் பூச்செடின்னு உண்மையைச் சொன்னேன். எங்களுக்கு நல்லது நடந்ததும் உனக்குப் பொறுக்கலையான்னு முகத்துக்கு நேராவே கேட்டாங்க. எஸ்தர் அக்கா, அப்படி எதையும் வாங்கினதே இல்லைன்னு சாதிச்சுட்டாங்க.

ரேகா வந்தா. வெட்டின இடத்தை விரலால தடவிப் பாத்துட்டு உள்ள போய்ட்டா. திட்டியிருந்தா கூடத் தேவலை. எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமா இருந்துச்சு.

பங்குனி வந்துச்சு. தெரு பூரா பூத்துச்சு!

தண்டு நீளத்துக்கும் இளம் ஊதாவுல கொத்துக் கொத்தாப் பூ. ஆகாச கருடன் பூத்தா அதிர்ஷ்டம்னு சோழவரத்துல இருந்தெல்லாம் சொந்தக்காரங்க வந்து பாத்துட்டுப் போனாங்க. எங்க வாசல்ல மட்டும் பூவே இல்லாம வெறும் இலையோட மட்டை தொங்குது. ரேகா சாயந்திரமானா எதிர் வீட்டு கேட்டுல நின்னு, அவ செடியோட பூவை அவளே வேடிக்கை பாத்துக்கினு இருப்பா.

ஒருநாள் தேவகி அக்காவுக்கு மனசு கேக்கல.

"உங்க ஊட்டு மேல யாரோ கண்ணு வச்சிக்கிறாங்க ரேகா. நான் வேணா இதுல ஒரு துண்டு வெட்டித் தரட்டா?"

ரேகா என் பக்கம் திரும்பாமலே சொன்னா.

"குடுங்கக்கா. கண்ணு வச்ச ஆளுக்கு இனிமே ஊட்டுல கத்தரிக்கோல் கிடையாது."