ஸ்பேர் அண்ணனும் என் காரின் பிரேக்கும்

எந்தப் பொருளையும் ஒன்றே ஒன்றாகப் பார்த்தால் முகம் வெளிறிப்போகிற மனிதர் பினாங்குத் தீவு முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். அவரும் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் கப்பல் அலுவலகத்தில், எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்குத் தெரிந்திருக்கலாம். மற்ற எல்லாருக்கும் அவர் ஸ்பேர் அண்ணன்.

இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருப்பார். இரண்டும் வேறு வேறு நேரம் காட்டியதால், எழுபதுகள் முழுவதும் அவருக்குச் சரியான மணி தெரிந்ததே இல்லை. என்னைத்தான் கேட்பார். வெயிலானாலும் மழையானாலும் இரண்டு குடை. இடுப்பில் பெல்ட், அது அறுந்தால் கைகொடுக்கத் தோளில் வார். தனியாகப் படம் பார்க்கப் போனாலும் இரண்டு டிக்கெட் எடுப்பார். "நாற்காலி ஒடைஞ்சா தரையிலயா உட்கார்றது?"

என் கல்யாணத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. மேளம் கொட்ட, மூன்று முடிச்சையும் போட்டு நிமிர்கிறேன். பின்னாலிருந்து, எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வோடு, கணீரென்று ஒரு குரல்: "தம்பி, நாலாவதா ஒண்ணு போட்டுருலா, சேஃப்டிக்கு!"

மேளம் நின்றது. ஐயரின் வாய் திறந்தபடி இருந்தது. பெண்ணின் தாய்மாமன் மெல்லத் திரும்பிப் பார்த்தார். ஸ்பேர் அண்ணனோ அவரைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து இன்னொரு மஞ்சள் கயிற்றை எடுத்து ஆட்டிக் காட்டினார். நாலு பேர் குறுக்கே விழுந்து தடுத்திராவிட்டால், அவருக்கு ஒரு ஸ்பேர் மூக்கும் தேவைப்பட்டிருக்கும்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் தினமும் என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். இருவருக்கும் ஆயர் ஈத்தாமில் வீடு. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய கார் அது. ஐம்பதுகளில் வந்தது, சாம்பல் நிறம், முட்டை மாதிரி உருண்டையாக இருக்கும். முதல் வாரம் நிம்மதியாக வந்தார். அடுத்த வாரம் பட்டறையில் அதன் அடிவயிற்றைக் குனிந்து பார்த்தவர், பாம்பைப் பார்த்தவர்போல் பின்வாங்கினார்.

"தம்பி! இதுக்கு ஒரே பிரேக் சிலிண்டர்தான்!"

"எல்லாப் பழைய காருக்கும் அப்படித்தான்ணே."

"நாலு வீலுக்கும் ஒரே சிலிண்டர், ஒரே எண்ணெய். ஒரு ஓஸ் குழாய் வெடிச்சா நாலு வீலும் போச்சு! புதுக் காருக்கெல்லாம் டூயல் மாஸ்டர் சிலிண்டர் வந்துருச்சுலா. ஒரு சிலிண்டருக்குள்ள ரெண்டு அறை. ஒண்ணு முன் வீலுக்கு, ஒண்ணு பின் வீலுக்கு. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு வண்டிய நிப்பாட்டும்."

"பெடல் ஒண்ணுதானே இருக்கு? அதையும் ரெண்டாக்கிருவோமா?"

நான் கிண்டலுக்குத்தான் கேட்டேன். அவர் ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறார். மறுநாள் காலையில் வண்டியில் ஏறியதும் வருத்தத்தோடு சொன்னார்: "இடம் பத்தாது தம்பி."

அன்றிலிருந்து, காரில் ஏறி இறங்கும்வரை அவருடைய வலது கை ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தபடியே இருந்தது. நான் கியர் மாற்ற வேண்டுமென்றால் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். பார்க்கிற ஆட்களிடமெல்லாம் இதை நடித்துக் காட்டிச் சிரிக்கவைத்தேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். அவருக்கு வலிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் மனைவி பிரசவத்துக்காகக் கடலுக்கு அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில் தாய்வீட்டில் இருந்தாள். குழந்தை பிறந்த செய்தி வந்ததும் ஒரு வாரம் லீவு போட்டேன். பாலம் வராத காலம், ஃபெர்ரியில்தான் போக வேண்டும். "காரை ஃபெர்ரியில ஏத்தாத. பிரேக் போனா நேரா கடல்தான்" என்று ஸ்பேர் அண்ணன் அடம்பிடித்ததால், சாவியை அவரிடமே கொடுத்துவிட்டு நடந்து போய் ஃபெர்ரி ஏறினேன்.

திரும்பி வந்தபோது என் கார் பட்டறையில் நின்றது. பானட் திறந்திருந்தது. எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவே இருக்கும் தகட்டில் ஒரு முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. அதில், பழைய வண்டிகளை வெட்டி விற்கும் கடையில் பிடித்துக்கொண்டு வந்த ஒரு ஜப்பான் காரின் டூயல் மாஸ்டர் சிலிண்டர் உட்கார்ந்திருந்தது. முன்னுக்கு ஒரு குழாய், பின்னுக்கு ஒரு குழாய். மேலே எண்ணெய்க்கும் இரண்டு டப்பா. பட்டறைச் சீனர் என் முகத்தைப் பார்த்ததும் ஸ்பானரோடு கழிவறைப் பக்கம் போய்விட்டார். கை முழுக்க எண்ணெயோடு நின்ற ஸ்பேர் அண்ணன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"ஓட்டிப் பாரு தம்பி!"

அன்று நான் பேசியதை மறைக்காமல் எழுதுகிறேன். நன்றாகப் படித்தவன், வார்த்தைக்குப் பஞ்சமில்லை. பைத்தியம் என்றேன். ஒரு நல்ல வண்டியைக் கெடுத்துவிட்ட பைத்தியம், ஊரே சிரிக்கிற பைத்தியம் என்றேன். இனிமேல் என் காரில் ஏறக்கூடாது என்றும் சொன்னேன்.

அவர் சிரிப்பு அடங்க நேரமானது. கையைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றல்ல, இரண்டு. அந்த ஒரு வாரத்தில் ஸ்பேர் சாவியும் செய்து வைத்திருந்தார். மற்ற நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அதன்பிறகு அவர் பஸ்ஸில் வந்தார். காலையில் பஸ் நிறுத்தத்தில் இரண்டு குடையோடு நிற்பதைப் பார்ப்பேன். பார்த்தும் காரை நிறுத்த மாட்டேன். அலுவலகத்தில் மணி கேட்பதையும் அவர் விட்டுவிட்டார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேட்டிலிருந்த கோயிலுக்குப் போய்விட்டு ஆயர் ஈத்தாம் சந்தையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் மனைவி, அவள் மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் விருட்டென்று உள்ளே போனது. கால் தரையைத் தொடப் போகிறது. எதிரே ஒரு லக்சா நூடுல்ஸ் கடை, அதன் பெரிய அண்டா, சுற்றிலும் சாப்பிடுகிறவர்கள்.

தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் பெடல் எதையோ பிடித்துக்கொண்டது. பின் சக்கரங்கள் கிறீச்சிட்டன. வண்டி வாலை ஆட்டிக்கொண்டு வழுக்கி, அண்டாவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

கடைக்காரச் சீனத்தி கரண்டியும் கையுமாக என்னைக் குனிந்து பார்த்தாள். "பெசாரா, கெச்சிலா?" என்றாள். பெரிய கிண்ணமா, சின்னக் கிண்ணமா என்று கேட்கிறாள். என் மனைவி அழுகையும் சிரிப்புமாக மகளை இறுக்கிக்கொண்டாள். குழந்தை விழிக்கவேயில்லை.

முன் சக்கரத்து ஓஸ் வெடித்திருந்தது. முன் டப்பாவில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. பின் டப்பாவில் இருந்தது அப்படியே இருந்தது. பழைய சிலிண்டர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பட்டறைச் சீனர் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

அன்று மாலையே லக்சா வாங்கிக்கொண்டு ஸ்பேர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இரண்டு பொட்டலம். கதவில் இரண்டு தாழ்ப்பாள், இரண்டையும் திறக்கும்வரை நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பிள்ளைக்கு?"

"ஒண்ணும் இல்லண்ணே. தூங்கிட்டே இருந்தா."

"போனது முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"அப்ப பின்னாடிதான் நிப்பாட்டிருக்கு" என்று தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. லக்சா ஆறிக்கொண்டிருந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஏண்ணே செஞ்சீங்க?"

"கேட்டா நீ விட்டிருப்பியா?" என்றார். பிறகு கடிகாரம் கட்டிய இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "என்கிட்ட எல்லாத்துக்கும் ஸ்பேர் இருக்கு தம்பி. உன் ஒருத்தனுக்குத்தான் இல்லையேலா."

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் காரை நிறுத்தினேன். குடைகளைப் பின்னால் போட்டுவிட்டு ஏறினார். பழக்கத்தில் கை ஹேண்ட்பிரேக்குக்குப் போனது. பிறகு யோசித்து, எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மணி என்ன தம்பி?" என்றார்.

அவர் போய்ப் பல வருடமாகிறது. நானும் கிழவனாகிவிட்டேன். எத்தனையோ மனிதர்களோடு பழகிப் பார்த்துவிட்டேன். அவருக்கும் ஸ்பேர் கிடைக்கவில்லை.