இயல்பாக நடக்கவும்

"ஐயா, வலது காலோட வலது கையும் சேர்ந்து போகுதே!" என்றார் டாக்டர். அவர் ஆளைப் பார்க்கவில்லை. கணினித் திரையில் நகரும் புள்ளிகளைத்தான் பார்த்தார்.

தபால்காரர் நின்றுவிட்டார். முப்பத்திரண்டு வருஷத்தில் பூமியை நாலு சுற்று சுற்றிய கால்கள் அவை. இன்றைக்கு ஆஸ்பத்திரி அறையில் பத்தடி நடக்கத் தெரியவில்லை. அரைக்கால் சட்டை வேறு. இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று மூட்டுக்கு மூட்டு பளபளக்கும் குட்டி உருண்டைகள். சுற்றிலும் அவற்றைப் படம்பிடித்துத் திரையில் புள்ளிகளாகக் காட்டும் எட்டு கேமரா.

'நடைப் பரிசோதனைக்குச் செல்லவும்' என்று மேலிடத்து உத்தரவு. காலில் கோளாறு என்று எவனோ வத்தி வைத்துவிட்டான்! இன்று தேறாவிட்டால் தெரு போச்சு. ரிட்டையராகும் வரை ஜன்னலில்லாத அறையில் முத்திரை குத்த வேண்டியதுதான்.

"இயல்பா நடங்க."

இயல்பாக என்றால் முதலில் குதிகாலா, விரலா? யோசித்தார். அவ்வளவுதான், முட்டி மடங்க மறுத்தது.

"வயித்த உள்ள இழுங்க!" கதவோரத்திலிருந்து மனைவி.

இழுத்தார். மூச்சு நின்றது.

"ஐயய்யோ, விட்டுடுங்க!"

விட்டார். தொப்பை முன்னே போனது, கால் பின்தங்கியது.

"தோள்ல பை இல்லாமத்தான் தடுமாறுறீங்க," என்று தன் கைப்பையை மாட்டிவிட்டாள். மனுஷர் ஒருபக்கமாகச் சாய்ந்து நண்டு மாதிரி நகர்ந்தார்.

"அம்மா, பை இடுப்பு உருண்டைய மறைக்குது!"

"கழுத்துல மாட்டிக்குங்க!"

கழுத்துக்குப் போனது பை. கண்ணுக்குத் தரை தெரியவில்லை.

"ஏங்க, போன மாசம் நடக்கப் பழகின நம்ம பேரனே தேவலாம்!"

பத்தாவது நடையில் இடது கால் வலது காலை மிதித்தது. கெண்டைக்கால் சதை சுருண்டு பிடித்துக்கொள்ள, நொண்டியடித்தே அறையைக் கடந்து சுவரில் மோதி உட்கார்ந்தார்.

"பதிவாயிடுச்சு," என்று டாக்டர் எழுந்து போய்விட்டார்.

"போச்சு... எல்லாம் போச்சு!" தபால்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டார். மனைவி அவர் கழுத்திலிருந்து பையைக் கழற்றினாள்.

உருண்டைகளைப் பிய்த்தெடுக்க வந்த பெண் பதறினாள். "ஏன் ஐயா அழறீங்க? உங்களுக்கு ஒண்ணுமே இல்லியே! நல்லா நடக்கிற ஆளா அனுப்பச் சொல்லி தபாலாபீஸ்ல கேட்டுத்தான் உங்களப் புடிச்சோம். இனிமே இங்க வர்ற நோயாளிங்க, அச்சு அசலா உங்கள மாதிரி நடக்குற வரைக்கும் டாக்டர் வீட்டுக்கு விடமாட்டாரு!"