தலைவர் முகத்துக்கு அடியில்

மூன்றாவது முறையும் வெல்டிங் ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டது. ஜெனரேட்டர் ஒருமுறை முக்கியது, முனகியது, அடங்கியது. அதோடு படகுத்துறைப் பந்தலில் ஊர்த்தலைவர் பொன்சியானோ பாடிக்கொண்டிருந்த கரோக்கியும் 'காதலே' என்பதில் 'கா'வோடு நின்றது.

"எவன்டா கரண்ட புடுங்குனது?"

நெரிஸா வெல்டிங் முகமூடியைத் தூக்கினாள். "நான்தான் தலைவரே."

"எம்.பி. முன்னாடி பாடுற பாட்டும்மா! ஒத்திகை பாக்க வேணாமா?"

புயலில் கம்பிகள் அறுந்து மலிபாகோ தீவு இருண்டு மூன்று மாதமாகிறது. மின்சாரத்தைத் திரும்பத் தொடங்கிவைக்க எம்.பி. இன்று நான்கு மணிக்கு வருகிறார். ஏற்கெனவே இரண்டு முறை தேதி தள்ளிப்போயிருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

அதே புயல் துறையின் வரவேற்பு வளைவையும் கால் ஒடித்துப் போட்டிருந்தது. தீவின் ஒரே வெல்டர் ஓனோஃப்ரேயின் மெஷின் பன்றி அளவு பெரியது, ஜெனரேட்டருக்கெல்லாம் மசியாது. "கரண்டு வரட்டும், அஞ்சு நிமிஷ வேல" என்று சொல்லிவிட்டு அவர் மீன்பிடிக்கப் போய்விட்டார். ஆகவே வேலை நெரிஸாவின் தலையில் விழுந்தது. அவள் ஊர் அலுவலகத்தில் ஆறு மாத ஒப்பந்த எழுத்தர். அக்கரையில் நடக்கும் மாலை வெல்டிங் வகுப்புக்கு ஆறு நாள் போயிருக்கிறாள். அதில் நான்கு நாள் வெறும் கரும்பலகைப் பாடம். வகுப்பிலிருந்து ஒரு கையடக்க மெஷினை இரவல் வாங்கி வந்திருந்தாள்.

ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. தலைவர் காலையிலேயே சொல்லிவிட்டார்: "வளைவு நின்னா கையெழுத்து. நிக்கலன்னா, என் மச்சினி மக வீட்ல சும்மாதான் இருக்கா."

நெரிஸா நோட்டைத் திறந்து, 'ராடு ஒட்டுவதற்கான காரணங்கள்' என்று தலைப்பிட்டு அடிக்கோடு போட்டாள். முதல் காரணம்: நான். இரண்டாவது காரணத்துக்கு ஜெனரேட்டரின் சக்தி தெரிய வேண்டும். அது பொறித்திருந்த தகட்டின்மேல் தலைவரின் சிரித்த முகம் ஒட்டியிருந்தது.

"தெரியோ அண்ணே, இது எத்தன வாட்டு?"

ஊர்க்காவலர் தெரியோ நெஞ்சை நிமிர்த்தினார். "பத்தாயிரம்! தலைவரே மேடையில சொன்னாரே."

"தகட்டப் பாத்தீங்களா?"

"தலைவர் சொன்னப்புறம் தகட்ட எதுக்கும்மா பாக்கணும்?"

அவள் கணக்குப் போட்டாள். மூன்று மில்லி ராடு, நூற்றுப்பத்து ஆம்ப்ஸ். ஐயாயிரம் வாட் தாராளம். இருப்பதோ பத்தாயிரம். ஆகவே இரண்டாவது காரணமும் நான்தான் என்று எழுதினாள்.

கரண்டு குறைந்தால் ராடு ஒட்டும் என்று வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. மெஷினின் குமிழை எண்பது ஆம்ப்ஸிலிருந்து நூற்றுப்பத்துக்குத் திருகினாள். ராடைத் தொட்டதும் ஒரே ஒரு பொறி. ஜெனரேட்டர் அலறிவிட்டு மீண்டும் செத்தது. கரோக்கி, தலைவரின் மின்விசிறி, எம்.பி.க்காக வைத்திருந்த குச்சி ஐஸ் பெட்டி எல்லாம் அதோடு போயின.

"சத்தம்தான் பிரச்சன," என்றார் தெரியோ, வெல்டிங் தெரிந்தவர் போல. "ஜெனரேட்டர தூரமாத் தள்ளிருவோம்."

அவர் கொண்டுவந்த வயர் ஐம்பது மீட்டர். நூல் மாதிரி மெலிசு. ஜெனரேட்டரைத் தள்ளியதோ பத்து மீட்டர்தான்; மிச்சச் சுருளைப் பிரிக்காமல் அப்படியே எம்.பி. நடக்கப்போகும் சிவப்புக் கம்பளத்தின் மேல் வைத்தார். இந்த முறை மெஷினுக்கு வர வேண்டிய கரண்டு வயரைச் சூடாக்கவே சரியாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்றம் வந்தது. சுருளைத் தூக்கியபோது கம்பளத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்ட ஓட்டை.

தெரியோ யோசித்து, அதன்மேல் ஒரு பூந்தொட்டியை வைத்தார். "எம்.பி. சுத்திப் போவாரு."

"நடுவுலயாண்ணே?"

"அலங்காரம்னு சொல்லிக்கலாம்."

மணி இரண்டு. நெரிஸா நோட்டை மூடினாள். "அண்ணே, ஸ்டிக்கர உரிக்கப் போறேன்."

"ஐயோ, தலைவர் மொகத்தையா?"

"காதுல ஆரம்பிச்சு மெதுவா உரிக்கிறேன்."

தலைவருக்கு அடியில் முன்னாள் தலைவர் இருந்தார். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்களில் இரண்டு பேர் கைதட்டினார்கள். அவருக்கு அடியில் எம்.பி.; எம்.பி.க்கு அடியில் எம்.பி.யின் மனைவி, இன்னும் இளமையாக. எல்லாருக்கும் அடியில் தகடு. இரண்டாயிரம் வாட்.

தெரியோ குனிந்து இரண்டு முறை படித்தார். "தலைவர் பத்தாயிரம்னாரே! மிச்ச எட்டாயிரம் எங்க?"

"மேல ஒட்டியிருந்த மொகத்துலண்ணே."

அவள் முதல் இரண்டு காரணங்களையும் அடித்தாள். கரோக்கி, விசிறி, ஐஸ் பெட்டி மூன்றையும் பிடுங்கினாள். ஜெனரேட்டரைப் பக்கத்தில் இழுத்துவந்து, சிறிது நேரம் சும்மா ஓடவிட்டு, தடித்த குட்டை வயரில் மெஷினை மாட்டினாள். இரண்டு மில்லி ராடு. நாற்பத்தைந்து ஆம்ப்ஸ். தீக்குச்சி உரசுவதுபோல் உரசினாள்.

எண்ணெயில் கருவாடு பொரிகிற சத்தம் கேட்டது. நிற்கவில்லை. ஜெனரேட்டர் மூச்சிரைத்தது, ஆனால் சாகவில்லை. மேலே படிந்த கசடைத் தட்டிப் பார்த்தாள். வெல்டிங் மண்புழு மாதிரி நெளிந்திருந்தது. ஆனால் பிடித்திருந்தது. அவள் மேலும் மேலும் மண்புழுக்களை வரிசையாக வைத்தாள்.

மூன்றரைக்கு வளைவு நின்றது. தெரியோ சாய்ந்து பார்த்தார், சாயவில்லை.

விசிறியில்லாமல் நனைந்துபோன சட்டையோடு தலைவர் வந்தார். வளைவைப் பார்க்கவில்லை. ஜெனரேட்டரைப் பார்த்தார். "என் மொகம் எங்க?"

நெரிஸா பந்தலில் கிடந்த ஸ்டிக்கர் கட்டிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, தகட்டின்மேல் ஒட்டினாள். தலைவர் தன்னையே ஒரு நிமிடம் ரசித்தார். பிறகு ஒப்பந்தத்தை அவள் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அவள் மின்கம்பத்தடிக்குப் போனாள். அங்கே லைன்மேன் பெனிட்டோ பூட்டிய சுவிட்ச் பெட்டிக்குக் காவலாக, சாவியைக் கழுத்தில் மாட்டி, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக் காலையிலிருந்து தூங்கிக்கொண்டிருந்தார். வளைவிலிருந்து பத்தடி. பாதி உருகிய குச்சி ஐஸ் ஒன்றை நீட்டி அவரை எழுப்பினாள்.

"அண்ணே, எம்.பி. சுவிட்ச் போட்டதும் கரண்டு வர எவ்வளவு நேரமாகும்? பரிசோதன எல்லாம் பாக்கணும்ல?"

பெனிட்டோ ஐஸைச் சப்பிக்கொண்டே நிமிர்ந்து வளைவைப் பார்த்தார்.

"கரண்டு இந்தப் பெட்டிக்கு வந்து ஒரு மாசமாச்சு தங்கச்சி, வளைவு நிக்காம வந்து சுவிட்ச் போட மாட்டேன்னு அவருதான் ரெண்டு தடவ தேதியத் தள்ளிட்டாரு!"